கலிடோனியா என்றால் எந்த ஊர்?

கேள்வி: 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கடிதங்களையும் பயணக் குறிப்புகளையும் தமிழாக்கி வருகிறேன். ‘கலிடோனியா’ என்று வரும் இடமெல்லாம் ‘ஸ்காட்லாந்து’ என்று போட்டுவிடலாமா?

பதில்: கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். முதலில் ஆண்டைப் பாருங்கள். அடுத்து, பக்கத்தில் என்ன ஊர்ப்பெயர், என்ன சரக்கு வருகிறது என்று பாருங்கள்.

இது ரோமானியர் வழியாக வந்த பெயர். ஃபோர்த், கிளைடு ஆறுகளின் கழிமுகங்களுக்கு வடக்கே, தங்கள் பிடிக்குள் நிலையாக அடங்காத நிலத்தை அப்படிக் குறித்தார்கள். கி.பி. 98 வாக்கில் ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதிய ‘அக்ரிகோலா’ என்ற நூலில் இப்பெயர் உண்டு. அங்கே வாழ்ந்த கலிடோனியர் என்ற குடியின் பெயர் டன்கெல்டு என்ற ஊர்ப்பெயரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே ரோமானியர் காலத்தைப் பேசும் பத்தியில் ‘ஸ்காட்லாந்து’ என்று எழுதினால் தவறு. இன்றைய தலைநகர் எடின்பரோவே அந்த எல்லைக்குத் தெற்கே இருக்கிறது.

பிற்காலக் கவிஞர்கள்தான் நாடு முழுமைக்கும் இதைச் சூட்டினார்கள். 1805-இல் வால்டர் ஸ்காட் ‘ஓ கலிடோனியா’ என்று விளித்தது மொத்த ஸ்காட்லாந்தையும்தான். பொருள் அதுவே என்றாலும் கவிதையில் பெயரை மாற்ற வேண்டாம். முதல்முறை வரும்போது ஓர் அடிக்குறிப்பு போதும்.

ஆளைக் கவிழ்ப்பது ‘நியூ கலிடோனியா’. அந்தப் பெயரில் மூன்று இடங்கள் இருந்தன. 1698 முதல் 1700 வரையிலான தாள் என்றால் பனாமாவின் டேரியன் கரையில் ஸ்காட்லாந்தினர் அமைத்து, நோயிலும் பட்டினியிலும் ஸ்பானியர் முற்றுகையிலும் அழிந்த குடியேற்றம். பசிபிக் தீவுக்கு ஜேம்ஸ் குக் அப்பெயரை வைத்தது 1774-இல். 1853-இல் பிரான்ஸ் அதைக் கைப்பற்றியது. மூன்றாவது, கனடாவின் மேற்கே சைமன் ஃப்ரேசர் பெயரிட்ட விலங்குத்தோல் வணிகப் பகுதி. 1840-களின் கடிதத்தில் பீவர் தோலும் ஸ்டூவர்ட் ஏரியும் வந்தால் இதுதான். சந்தனக்கட்டை வந்தால் பசிபிக் தீவு. பிரெஞ்சுத் தீவோடு குழம்புகிறதே என்றுதான் 1858-இல் விக்டோரியா அரசி கனடாப் பகுதிக்கு ‘பிரிட்டிஷ் கொலம்பியா’ என்று பெயர் வைத்தார். அன்றைக்கே இந்தப் பாடு!

‘கலிடோனியன்’ என்று வந்தால் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயர் அல்லது கட்டுமானத்தின் பெயர். 1822-இல் திறந்த கலிடோனியன் கால்வாய், 1845-இல் தொடங்கிய கலிடோனியன் ரயில்வே போன்றவற்றை அப்படியே ஒலிபெயர்த்து விடுங்கள். கலிடோனியன் சாலை இருப்பதோ லண்டனில். அங்கிருந்த ஸ்காட்டியக் குழந்தைகள் காப்பகத்தால் வந்த பெயர் அது. நிலவியல் கட்டுரையில் ‘கலிடோனியன் மலையாக்கம்’ என்பது 40 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய நிலத்தட்டு மோதலில் மலைகள் எழுந்ததைக் குறிக்கும். பேசப்படும் பாறை நார்வேயிலோ கிரீன்லாந்திலோ கிடக்கலாம்.

ஸ்காட்லாந்துக்கு வழங்கும் லத்தீன் பெயரான ‘ஸ்கோஷியா’வைக் கண்டாலும் இதே கவனம் தேவை. தொடக்க இடைக்கால லத்தீன் ஏடுகளில் அது அயர்லாந்தைக் குறிக்கும்.