வேறுபட்ட சூப்பர் அலாய்களைப் பற்றவைத்தல்: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: நிக்கல் சூப்பர் அலாய்களான (அதிக வெப்பத்திலும் வலிமை இழக்காத உலோகக் கலவைகள்) இன்கோனல் 718 தகட்டையும் 625 தகட்டையும் டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் மின்முனையால், மந்த வாயுக் காப்பில் பற்றவைப்பது) இணைத்தோம். இழுவிசைச் சோதனையில் தேறிவிட்டது. 650 டிகிரி செல்சியஸில் மாறிமாறி வரும் சுமையையும் தாங்குமா? (பட்டறை உரிமையாளர், பீனியா)

பதில்: அந்தச் சோதனையை மட்டும் நம்பி நான் கையெழுத்திட மாட்டேன். ஏஜிங் செய்த (மிதமான வெப்பத்தில் நெடுநேரம் வைத்து வலுவேற்றிய) 718 தகட்டின் யீல்டு வலிமை (நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தம்) அறை வெப்பத்தில் குறைந்தது 1,035 மெகாபாஸ்கல் அளவில் இருக்க, அனீலிங் செய்த (சூடாக்கி மென்மையாக்கிய) 625 தகட்டுக்கு அது 415 அளவிலேயே நிற்பதால், ஒவ்வொரு சுழற்சியிலும் திரிபின் (உருமாற்றத்தின்) பெரும்பங்கு 625 பக்கம் குவிகிறது. 718 கலந்த வெல்டு உலோகம் உறையும்போதோ, கடைசியாக உறையும் திரவத்தில் அலாயில் உள்ள நியோபியம் ஒதுங்கி, லேவ்ஸ் எனப்படும் நொறுங்கும் கட்டம் (உலோகத்துக்குள் தனித்து நிற்கும் படிகப் பகுதி) உருவாகிறது. விரிசல் பிறக்க அதுவே இடம் தருகிறது. 980 டிகிரியில் சூடாக்கினால் அது முழுவதும் கரையாது. 1,095 டிகிரி வரை ஏற்றினால் பெரிதும் கரையும், ஆனால் தகட்டின் படிக மணிகள் பெருத்து, சோர்வு வலிமை (மாறிமாறி வரும் சுமையைத் தாங்கும் திறன்) வேறு வழியில் குறையும். வெப்ப உள்ளீட்டைத் தொடக்கத்திலேயே குறைப்பதுதான் மலிவான வழி. உடைந்த மாதிரித் துண்டுகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், உடைந்தது வெல்டிலா, அதன் விளிம்பிலா, 625 தகட்டிலா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: வாஸ்பலாய் (இன்னொரு நிக்கல் சூப்பர் அலாய்), 718 இரண்டையும் உராய்வுப் பற்றவைப்பில் (உரசி எழும் வெப்பத்தில் அழுத்தி ஒட்டுவது) இணைத்தபின் எந்த வெப்பப் பதப்படுத்தலைப் பின்பற்றுவது? (ஆய்வு மாணவி)

பதில்: இரண்டுக்கும் முழுமையாகப் பொருந்தும் ஒன்று கிடையாது. 718 கலவையை 718 டிகிரியிலும் பின்பு 621 டிகிரியிலும் ஏஜிங் செய்வது வழக்கம் (பெயரும் வெப்பமும் ஒத்துப்போனது தற்செயலே, மறக்காமலிருக்க உதவும்). வாஸ்பலாய்க்கு 845, 760 என இரு நிலைகள். 845 டிகிரியில் 718-இன் வலிமைக்கு ஆதாரமான நுண்துகள்கள் சிதைந்துவிடும் என்பதால், வாஸ்பலாயின் பதப்படுத்தலை வெல்டிங்குக்கு முன்பே முடித்துவிட்டு, பின்னர் 718 பொறுக்கும் வெப்பத்தில் மட்டும் ஏஜிங் செய்து பாருங்கள்.

கேள்வி: நொடிக்கு 20 சுழற்சி வேகத்தில் சுமையை ஏற்றி இறக்கிச் செய்த சோர்வுச் சோதனையின் முடிவு, நாளுக்கு ஒருமுறை ஓடி நிற்கும் டர்பைனுக்குப் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. 650 டிகிரியில் உச்சச் சுமை நீடித்து நிற்கும்போது, ஆக்சிஜன் படிக மணிகளின் எல்லைகள் வழியே ஊடுருவி 718-இல் விரிசலை விரைவுபடுத்துகிறது. வேகச் சோதனையில் அதற்கு நேரமே இருப்பதில்லை.

கேள்வி: வெல்டின் மேட்டை அரைத்துவிடலாமா?

பதில்: தாராளமாக. அரைத்த கோடுகள் சுமையின் திசையிலேயே ஓடட்டும். குறுக்கே ஓடினால் அவையே விரிசல் பிறக்க இடம் தரலாம்.