மீனின் கண்ணுக்கு ஒரு பூச்சி

அன்புள்ள அண்ணா,

நீலகிரியின் அவலாஞ்சி ஓடைகளில் ட்ரௌட் மீன் பிடித்த அனுபவம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எழுத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பாதி அந்தத் தூண்டிலிலிருந்து வந்தது என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை. துரைமார் கொண்டுவந்த மீன், துரைமார் கொண்டுவந்த விளையாட்டு. நம்மிடம் மீன்பிடிப்பது வயிற்றுப்பாடு. அதைப் போய்க் கலை, தியானம் என்பது வசதியானவர்களின் பேச்சாகத் தெரிகிறது. ஓர் உயிரின் வாயில் முள்ளைக் குத்தி இழுப்பதில் என்ன கலை வந்துவிடும்? உறுமீன் வரும்வரை நிற்கிற கொக்கு மாதிரி பொறுமை வேண்டும் என்கிறீர்களா? அதற்கு எங்கள் தெரு ரேஷன் கடை வரிசையே போதுமே.

நான் வாட்டர்கலர் வரைகிறவள். போன வருடம் அதே மலையில் எமரால்டு பக்கம் போனபோது எடுத்த புகைப்படங்களை வைத்து வரைந்த இரண்டு ஓடைப் படங்களை இணைத்திருக்கிறேன். ஏதோ குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை. பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ர., கோயம்புத்தூர்

அன்புள்ள ர.,

ரேஷன் கடை வரிசையைப் படித்துச் சிரித்துவிட்டேன். பொறுமை கற்க ஓடை வரைக்கும் போக வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். சொல்லப்போனால் இந்த வகைத் தூண்டிலில் பொறுமைக்குப் பெரிய வேலை இல்லை. குளத்தங்கரையில் மண்புழு கோர்த்துப் போட்டுத் தக்கையையே பார்த்துக்கொண்டிருப்பவர்தான் நீங்கள் சொல்லும் கொக்கு. ட்ரௌட்டுக்குப் போகிறவர் ஓரிடத்தில் நிற்க மாட்டார். குனிந்தும் ஊர்ந்தும் ஓடையில் ஏறிக்கொண்டே இருப்பார், கல்லுக்குக் கல் நீரைப் பார்த்தபடி. தியானம் என்ற சொல்லை என் கட்டுரையில் தேடிப் பார்த்தேன், இல்லை. அதை நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்!

துரைமார் விளையாட்டு என்பதை மறுக்க மாட்டேன். ட்ரௌட் இந்த மலையின் மீன் கிடையாது. இந்திய மீன்களைப் பற்றிய ஆய்வுக்குப் பேர்போன பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் 1860களில் அதை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகும் சிலர் முயன்றார்கள். எச். சி. வில்சன் அவலாஞ்சியில் 1907இல் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் ட்ரௌட் இங்கே நிலைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலேயர்கள் ஏங்கியது தங்கள் ஊர் ஓடைகளில் இருந்த பழுப்பு ட்ரௌட்டுக்காக. இங்கே பிழைத்துப் பெருகியதோ ரெயின்போ ட்ரௌட், வட அமெரிக்காவின் பசிபிக் கரைப்பக்கத்து மீன். ஊர் ஞாபகத்துக்காக அவ்வளவு பாடுபட்டவர்கள் கடைசியில் அமெரிக்க மீனைப் பிடித்துக்கொண்டு இங்கிலாந்தை நினைத்தார்கள்.

எருமைகளை நம்பி வாழ்ந்த தோடர்களின் புல்வெளிகளுக்கு நடுவே ஓடுகிற நீரில் யாரைக் கேட்டு மீன் விட்டார்கள் என்று நீங்கள் கேட்டால், யாரையும் கேட்கவில்லை என்பதுதான் பதில். வெளிநாட்டு மரங்களான சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) நட்டபோதும் கேட்கவில்லை. உலகின் மோசமான அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் நூறு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பழுப்பு ட்ரௌட், ரெயின்போ இரண்டுமே உண்டு. ஆனால் ஒரு கைவேலை எந்தக் கப்பலில் வந்தது என்பது ஒரு கேள்வி, அந்தக் கைவேலைக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. நீங்கள் பழகும் ஆங்கில வாட்டர்கலர் முறையும் அதே கப்பல்களில் வந்ததுதானே? அதை யாராவது குறை சொன்னால் விட்டுவிடுவீர்களா?

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

ஓடையில் ட்ரௌட்டின் முக்கியமான இரை பூச்சிகள். அவற்றில் ஒன்று மேஃப்ளை. வாழ்வின் பெரும்பகுதியை நீருக்கடியில் கல்லிடுக்குகளில் இளம்பூச்சியாகக் கழித்துவிட்டு, மேலே வந்து தோலுரித்துச் சிறகு விரிக்கும். சிறகு வந்த பிறகும் இன்னொரு தடவை தோலுரிக்கிற பூச்சிக் கூட்டம் இது ஒன்றுதான். முதலில் வரும் சிறகு மங்கலாக இருக்கும், அடுத்தது பளிச்சென்று ஊடே பார்க்கும்படி இருக்கும். அதற்கப்புறம் அது சாப்பிடுவதில்லை, வாய் சுருங்கிப் பயனற்றுப் போயிருக்கும். இணைசேர்ந்து, முட்டையிட்டு, பெரும்பாலும் ஓரிரு நாளில் செத்து நீரில் விழும். சேவல் இறகு, பட்டுநூல், முயல் ரோமம் ஆகியவற்றைச் சின்ன முள் ஒன்றின் மேல் கட்டி இந்தப் பூச்சியைச் செய்ய வேண்டும். தூண்டில்காரர்கள் அதை ஃப்ளை என்பார்கள்.

கட்டி முடித்ததும் யாராக இருந்தாலும் அதை விரலில் பிடித்து மேஜை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். கால் சரியாக இருக்கிறதா, வால் சரியாக இருக்கிறதா என்று. பார்ப்பது மனிதக் கண், மேலேயிருந்து பார்க்கிறது, கையெட்டும் தூரத்தில், நல்ல வெளிச்சத்தில். மீன் அப்படிப் பார்ப்பதில்லை.

நீருக்குள்ளிருந்து மேலே பார்த்தால் வெளியுலகம் மொத்தமும் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடும். ஒளிவிலகலால் வருவது அது, பார்வைக் கூம்பின் கோணம் ஏறத்தாழ 97 டிகிரி. ஓரடி ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த வட்டம் சுமார் இரண்டேகால் அடி அகலம். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு வெறும் கண்ணாடி. ஓடையின் அடிக்கற்களையே திருப்பிக் காட்டும். ஆகவே மேலிருந்து மிதந்து வருகிற பூச்சி முதலில் முழு உருவமாகத் தெரியாது. அதன் கால்கள் நீர்ப்பரப்பை அழுத்துகிற இடங்களில் சில ஒளிப்பொட்டுகள் தெரியும். பிறகு வட்டத்தின் விளிம்பில் சிறகு நுனி எட்டிப் பார்க்கும். அதன் பிறகுதான் உடம்பு. இந்த வரிசை தெரிந்தவர் பூச்சியின் கண்ணையும் சிறகு நரம்பையும் செய்துகொண்டிருக்க மாட்டார். கழுத்திறகு ஒன்றைச் சுற்றிக் கட்டுவார், அதன் நார்கள் நீரில் சின்னச் சின்னக் குழிகளாக விழும். அளவு சரியாக இருக்கும், நிறம் ஏறக்குறைய சரியாக இருக்கும். மேஜையில் அது பூச்சி மாதிரியே இருக்காது, ஒட்டடையில் சிக்கிய தூசியாகத் தெரியும். நீரில் போட்டால் மீன் எழும்பி வரும்.

எழுத்தைப் பற்றி நான் அங்கே தெரிந்துகொண்டது இதைத்தான். செய்கிறவர் பார்க்கும் இடமும் பெறுகிறவர் பார்க்கும் இடமும் வேறு. எழுதுகிறவருக்குத் தன் பக்கம் மேஜை வெளிச்சத்தில் முழுசாகத் தெரிகிறது. படிக்கிறவருக்கு வரிசையாக, கொஞ்சம் கொஞ்சமாக, வேறு கோணத்திலிருந்து வருகிறது. எந்தச் சொல் முதலில் அவரைத் தொடும், எது விளிம்பில் தெரியும், எது கடைசிவரை தெரியவே தெரியாது? வர்ணனை வர்ணனையாக அடுக்கிய ஒரு பத்தியை அடித்து நீக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இந்த வட்டம்தான். ஒரு மீனை ஏமாற்றிப் பிடிக்கிற வித்தையை வாசகருக்குப் பொருத்துகிறேனே என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் ஒப்புமை உடைந்துவிடுகிறது, அதை ஒட்டவைக்கப் பார்க்கவில்லை.

இதற்கு நேர் எதிரான இன்னொரு மரபும் உண்டு, அதிலும் நம் மலைக்குப் பங்கு இருக்கிறது. நீலகிரிச் சோலைகளின் ஓரத்தில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியைப் பார்த்திருப்பீர்கள். சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு பூசியது போன்ற மஞ்சள் பொட்டுகள் இருக்கும். விக்டோரியா காலத்து பிரிட்டனில் சால்மன் மீனுக்கான ஃப்ளைகளைக் கட்ட அந்த இறகுக்கு ஏக கிராக்கி. தோல் தோலாகக் கப்பலேறிப் போனது. 1960களின் கடைசியில்தான் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. இப்போது அங்கே கூண்டில் வளர்த்து எடுக்கிறார்கள். விஷயம் என்னவென்றால், முட்டையிட ஆற்றில் ஏறும் அட்லாண்டிக் சால்மன் வழியில் இரை தேடுவதில்லை. அந்த ஃப்ளைகள் எந்தப் பூச்சியைப் போலவும் இருக்க வேண்டியதில்லை, இருக்கவும் இல்லை. பல தேசத்துப் பறவைகளின் இறகை அடுக்கிக் கட்டிய நகைகள் அவை. வாங்குகிறவரின் கண்ணை மயக்கினால் போதும். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தால் பிரமாதமாகத்தான் இருக்கின்றன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் மனசு அந்தத் தூசிப் பூச்சி பக்கம்தான்.

ஃப்ளையை வீசுவது பற்றி நிறையப் பேர் கவிதை பாடிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே ஃப்ளைக்குக் கனமே இல்லை, தடித்த நூல்தான் அதைச் சுமந்து போகிறது. பின்னால் வீசிய நூல் முழுக்க நீளும்வரை கை நிற்க வேண்டும், அவசரப்பட்டால் சுளீரென்று வெடித்து ஃப்ளை அறுந்துவிடும். அதைவிட முக்கியம் அடுத்தது. விழுந்த ஃப்ளை தான் விழுந்த நீரின் வேகத்தில் மட்டுமே மிதக்க வேண்டும். நடுவே கிடக்கும் நூலை வேகமான நீர் இழுத்தால் ஃப்ளையும் இழுபடும். கயிறு கட்டி இழுத்த மாதிரி பூச்சி நகருமா? மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. ஓடை முழுக்க ஒரே வேகத்தில் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருப்பவருக்கு முழங்கை அகலத்துக்குள் நாலு வேகம் இருப்பது இப்போதுதான் கண்ணில் படும்.

உங்கள் கேள்விகளில் கடினமானது முள்ளைப் பற்றியது. மீனுக்கு வலிக்காது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 2003இல் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் ரெயின்போ ட்ரௌட்டின் தலையில், காயப்படுத்தும் தூண்டல்களை உணர்கிற நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். அதே மீன், சரியாக நாம் முள்ளைக் குத்துகிற இடம். பிடித்துவிட்டுத் திரும்ப நீரில் விடுவதைப் பலர் உயர்ந்த ஒழுக்கமாகச் சொல்கிறார்கள். சாப்பிடுவதற்காகப் பிடிக்கிற மீனவரின் காரணத்தை விட இது எந்த விதத்தில் உயர்ந்தது என்று எனக்கு விளங்கியதில்லை. உதகையில் மீன்வளத் துறையிடம் உரிமச் சீட்டு வாங்கி நான் மீன்பிடித்த காலத்தில், பிடித்ததைச் சமைத்துச் சாப்பிட்டேன். கடைசிப் பருவங்களில் முள்ளின் வளைவை வெட்டி எறிந்துவிட்டு மொட்டைக் கம்பியில் ஃப்ளை கட்டினேன். மீன் எழும்பும், கவ்வும், உடனே துப்பும். எனக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான், நான் செய்ததை அது பூச்சி என்று ஏற்றுக்கொண்டதா இல்லையா என்பது. நண்பர்கள் கேலி செய்தார்கள், இலை போட்டு உட்கார்ந்துவிட்டுச் சாப்பாடு வேண்டாம் என்கிறவன் என்று. இதையும் பெரிய அறமாகச் சொல்லவில்லை. மீனைத் தொந்தரவு செய்ததுதான், அளவு குறைவு.

இனி உங்கள் படங்கள். நிறம் கலக்கத் தெரிந்த கை, சந்தேகமில்லை. முதல் படத்தில் எல்லாக் கல்லைச் சுற்றியும் ஒரே மாதிரி வெள்ளை நுரை இருக்கிறது. ஓடையில் அப்படி இருக்காது. கல்லுக்கு முன்புறம் நீர் சற்று மேடாகும், இரு பக்கமும் வேகமெடுக்கும், பின்புறம் ஒதுங்கிய நீர் கொஞ்சம் கிடக்கும். அந்த ஒதுங்கிய நீரும் ஓடும் நீரும் உரசுகிற கோட்டில்தான் நுரை. ட்ரௌட் நிற்பதும் அந்தக் கோட்டின் ஓரத்தில்தான், நீர் வரும் திசைக்குத் தலையை வைத்து. அங்கே நின்றால் நீந்துகிற உழைப்பு குறைவு, பக்கத்து வேக நீர் இரையைக் கொண்டுவந்து கொடுக்கும். உங்கள் படத்தில் மீன் எங்கே நிற்கும் என்று தேடினேன், இடம் கிடைக்கவில்லை. குறைகிறது என்று நீங்கள் சொல்வது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இரண்டாவது படத்தில் நீலம் அதிகம். சோலை நிழலில் ஓடும் நீருக்கு நீலம் ஏது? அடிக்கல்லின் பழுப்பும் மேலே கவிந்த இலையின் பச்சையும்தான் அதன் நிறம். அந்தப் பெரிய பாறைகளை மட்டும் கனம் தெரிய வரைந்திருக்கிறீர்கள், அது நன்றாக வந்திருக்கிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிச் சரிவுகள் பெயர்ந்தன. அதில் இறங்கிய பாறைகளோ என்னவோ.

புகைப்படத்தை வைத்து வரைந்ததுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். காமிரா நான்கு வேகத்தையும் ஒன்றாக நிறுத்திவிடுகிறது. நேரில் போய் உட்காருங்கள். அவலாஞ்சி காப்புக்காடு, உள்ளே வனத்துறை வண்டியில்தான் போக வேண்டியிருக்கும், அங்கே ஓடையோரம் நேரம் செலவழிக்க விடமாட்டார்கள். எமரால்டு பக்கம் ஊர்களை ஒட்டிய ஓடைகளே உங்களுக்குப் போதும். போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்று எடுத்துப்போங்கள். அதைப் போட்டால் மேற்பரப்பின் பளபளப்பு அடங்கி அடிக்கற்கள் தெரியும், கழற்றினால் வானம் திரும்ப வந்து மூடிக்கொள்ளும். ஒரே இடத்தை, போட்டுக்கொண்டு ஒன்று, கழற்றிவிட்டு ஒன்று என வரைந்து இரண்டையும் அனுப்புங்கள். கிளம்புமுன் நீலகிரிக்குள் நுழைவதற்கான இ-பாஸ் எடுத்துவிடுங்கள், கல்லாறு சோதனைச் சாவடியில் இறக்கிவிட்டால் அன்றைய வெளிச்சம் போய்விடும்.