புதன்கிழமையை மட்டும் ஏன் அவசரமாகக் கடந்தாய்?

வாசகியின் கடிதம்

வணக்கம் மேடம்.

நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 19. வீடு சிங்கப்பூர் அங் மோ கியோவில். என் பிரச்சினை நேரம்தான். எப்படித் திட்டம் போட்டாலும் போதவில்லை. வீட்டில் யாருக்கும் அது புரியவும் இல்லை. போன வாரத்தை மட்டும் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

திங்கள்கிழமை புள்ளியியல் தேர்வு. ஞாயிறு இரவு 2 மணி வரை படித்தேன். கணினியில் எழுதும் தேர்வு, முடித்தவுடனே மதிப்பெண் வந்துவிடும். 58. பக்கத்தில் இருந்தவளுக்கு 81. வீட்டுக்கு வந்து சொன்னால் அம்மா, "போன்ல இருக்கிற நேரத்துல படிச்சிருக்கலாம்" என்கிறார். நான் போனில் இருப்பதே குரூப் ஒர்க்குக்காகத்தான்.

எங்கள் குரூப்பில் நான்கு பேர். அதில் ஒருவன் எந்த மெசேஜுக்கும் பதில் போடமாட்டான். நீல டிக் மட்டும் விழும். செவ்வாய் இரவு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் பகுதியையும் நானே எழுதினேன், 1,200 சொற்கள். போன செமஸ்டரிலும் இதே கதைதான். ஏன் எப்போதும் நான்?

வீட்டிலும் அப்படித்தான். தம்பிக்கு இந்த வருடம் ஓ லெவல் தேர்வு என்பதால் அவன் சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க வேண்டாம். டியூஷன் முடிந்து வர இரவாகிவிடும். அப்பா துவாஸிலிருந்து வந்து சேர 8 மணி. அம்மாவுக்குச் சாங்கி விமான நிலையத்தில் ஷிப்ட் வேலை, போன வாரம் முழுக்க மதிய ஷிப்ட். ஆக, எங்களோடு இருக்கும் அம்மாவழிப் பாட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பாட்டியின் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை அம்மா ஞாயிற்றுக்கிழமையே ஏழு கட்டம் போட்ட பெட்டியில் அடுக்கி வைத்துவிடுவார். செவ்வாய் காலையில் பார்த்தால் வியாழன் வரை காலி. மறுபடியும் நான்தான் உட்கார்ந்து அடுக்கினேன். அன்றைக்கு வகுப்புக்குத் தாமதம். லெக்சரர் எல்லார் முன்னாலும் மணி என்ன என்று கேட்டார்.

புதன் மாலை 6 மணிக்குள் குரூப் ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டும். 40 நிமிடம் தாமதமானதால் 10 சதவீத மதிப்பெண் போய்விட்டது. அதுவும் என் தவறு இல்லை. 4 மணிக்கு வீட்டுக்கு வந்தால் பாட்டி இல்லை, கீழே போய்த் தேடியதிலேயே நேரம் போய்விட்டது, இரண்டு புளோக் தள்ளி பஸ் நிறுத்தத்தில் டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார், நேவல் பேஸில் இருக்கும் தாத்தாவுக்குச் சாப்பாடு கொண்டு போகிறாராம், தாத்தா இறந்து 11 வருடம் ஆகிறது, உள்ளே ரசம் சாதம், இன்னும் சூடாக இருந்தது, கூட்டி வந்து உட்கார வைத்து லேப்டாப்பைத் திறக்கும்போதே 5.30. அம்மாவிடம் சொல்லக்கூடாது, சொன்னால் முதியோர் ஹோமில் கொண்டு போய் விட்டுவிடுவார் என்று பாட்டி சத்தியம் வாங்கிக்கொண்டதால் சொல்லவில்லை. அதை விடுங்கள். குரூப்பில் மற்ற இருவருக்கும் இப்போது என்மேல்தான் கோபம். "நீதானே அனுப்புறேன்னு சொன்னே" என்கிறார்கள். அந்த 1,200 சொற்களை எழுதியது யார்?

வியாழன், தீபாவளி நிகழ்ச்சிக்கு நடன ஒத்திகை. எனக்கு முன்வரிசை கிடைத்திருக்கிறது. வாரத்திலேயே அந்த ஒரு மணி நேரம்தான் நன்றாக இருந்தது. அதையும் முடிக்காமல் பாதியிலேயே வீட்டுக்கு ஓடினேன். வெள்ளிக்கிழமை பிரசென்டேஷன் நன்றாகவே போனது. பதில் போடாதவனும் வந்து, நான் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டுப் பாராட்டில் பங்கு வாங்கிக்கொண்டான்.

சனிக்கிழமை அம்மாவிடம் அழுதுவிட்டேன். "படிக்கிற பிள்ளைக்கு என்ன கஷ்டம்? உன் வயசுல நான் வேலைக்குப் போயாச்சு" என்றார். அதற்குப் பிறகு நான் பேசவே இல்லை.

நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று சொல்லுங்கள். நடனத்தை விட்டுவிடலாமா? என் கஷ்டத்தை அம்மாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

இப்படிக்கு,
அங் மோ கியோ வாசகி

ஆலோசகரின் பதில்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். 58 மதிப்பெண்ணை நிதானமாகச் சொல்லியிருக்கிறாய். பதில் போடாத பையனைப் பற்றிச் சொல்லி முடித்த பிறகும் வெள்ளிக்கிழமை அவனை மறுபடி கொண்டு வருகிறாய். புதன்கிழமை மாலையை மட்டும் மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாகச் சொல்லிவிட்டு, "அதை விடுங்கள்" என்கிறாய். என்னால் விட முடியவில்லை அம்மா.

முதலில் மாத்திரைப் பெட்டி. அது இன்றைக்கே கவனிக்க வேண்டிய விஷயம். அதைக் கூடுதல் வேலையாக எழுதியிருக்கிறாய். ஞாயிறு அடுக்கிய பெட்டி செவ்வாய் காலையில் வியாழன் வரை காலியாக இருந்தது என்றால், பாட்டி சாப்பிட்டதை மறந்து மறுபடி மறுபடி எடுத்துச் சாப்பிட்டிருக்கலாம். சில சர்க்கரை மாத்திரைகள் அளவு மீறினால் ரத்தத்தில் சர்க்கரை ஒரேயடியாகக் குறைந்துவிடும். அதுவே ஆளைக் குழப்பும், மயக்கத்திலும் தள்ளும். பெட்டியை எடுத்து எட்டாத இடத்தில் வை. வேளைக்கு வேளை ஒருவர் கையில் எடுத்துக் கொடுக்கட்டும். பாட்டிக்கு வியர்த்துக் கை நடுங்கினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டாலோ யோசித்துக்கொண்டு நிற்காதே, ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழை.

சரி, இப்போது உன்னைப் பற்றிப் பேசுவோம். நேரத்தைப் பிரிக்கத் தெரியவில்லை என்கிறாய். பதினொரு வருடத்துக்கு முன் இறந்துபோனவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பிய பாட்டியை வீட்டுக்குக் கூட்டி வந்து உட்கார வைத்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு ரிப்போர்ட்டை முடித்து 40 நிமிடத் தாமதத்தில் அனுப்பியிருக்கிறாய். இப்படிப்பட்ட பெண்ணுக்கு நான் அட்டவணை போட்டுக் கொடுத்து என்ன ஆகப்போகிறது? உன்னிடம் இருப்பது ஒரு பயம். வகுப்பில் இருக்கும்போதும், ஒத்திகையில் ஆடும்போதும், வீட்டில் கதவு திறந்து கிடக்குமோ என்ற பயம். ஞாயிறு இரவு 2 மணி வரை நீ படித்ததைத் திங்கட்கிழமை நினைவில் நிற்கவிடாமல் செய்ததும் அதுவாக இருக்கலாம். பாட்டி முதல் தடவை இப்படிச் செய்தது போன புதன்கிழமைதானா என்று நீ எழுதவில்லை. அதற்கு முன்பே ஏதாவது கண்ணில் பட்டிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி சொல்வது உனக்குப் பிடிக்காமல் போகலாம். நான் கொஞ்சம் உன் அம்மாவின் பக்கம் நிற்கிறேன்.

"படிக்கிற பிள்ளைக்கு என்ன கஷ்டம்" என்ற சொல் வலிக்கும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அம்மாவின் கண்ணுக்கு என்ன தெரிகிறது? போனைப் பார்த்தபடி முகம் வாடி உட்கார்ந்திருக்கும் மகள், அவ்வளவுதான். பஸ் நிறுத்தம் அவருக்குத் தெரியாது. பெட்டி காலியானது தெரியாது, ஏனென்றால் அவர் பார்ப்பதற்குள் நீயே அடுக்கிவிட்டாய். நடந்ததை மூடி வைத்துவிட்டு, அம்மாவுக்குப் புரியவில்லையே என்று கோபப்படுகிறாய். குரூப்பிலும் இதைத்தான் செய்தாய். அந்தப் பையன் பகுதியை நீயே எழுதிவிட்டு, எழுதியதையும் வெளியே சொல்லாமல் மனதில் கணக்கு வைத்துக்கொண்டாய். உன் புதன்கிழமை அந்த மூவருக்கும் தெரியாதது போல, அவனுக்கும் யாருக்கும் தெரியாத ஒரு நாள் இருந்திருக்கலாம். நீ அவனைக் கேட்கவே இல்லையே.

இன்னொன்று. பாட்டி யாருடைய அம்மா? உன் அம்மாவைப் பெற்றவர். தன் தாய்க்கு என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆள் உன் அம்மாதான். பாட்டி கேட்டார் என்பதற்காக அதை அவருக்குத் தெரியாமல் மறைக்க உனக்கு உரிமை இல்லை, மகளே. சத்தியம் செய்து கொடுத்தது அன்பினால்தான், எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த முறை பஸ் வந்துவிட்டால்? டிபன் கேரியரில் சோறு சூடாக இருந்தது என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஆளில்லாத வீட்டில் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அடுப்பு எரிந்திருக்கிறது. நீ வந்தபோது அது அணைந்திருந்ததா?

ஹோம் என்ற சொல்லுக்குப் பாட்டி பயப்படுகிறார். அந்தப் பயத்துக்கு மறைப்பதைவிட நல்ல பதில் இருக்கிறது. காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் நம் பேட்டைகளில் இருக்கின்றன. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பைக் கேட்டால் உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் எது என்று சொல்வார்கள். அதற்கும் முன்னால் பாட்டியைப் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) அழைத்துப் போக வேண்டும், மாத்திரைப் பட்டியலையும் கையோடு எடுத்துக்கொண்டு. குழப்பம் என்றாலே முதுமை மறதி நோய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தைராய்டு குறைவு, சிறுநீர்த் தொற்று, மனச்சோர்வு, வைட்டமின் பி12 பற்றாக்குறை என்று பல காரணங்கள் உண்டு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிடலாம். ஒருவேளை மறதி நோய்தான் என்றாலும் உங்கள் வீட்டுக்கு மட்டும் வந்ததில்லை. மனநலக் கழகம் 2023இல் நடத்திய ஆய்வின்படி, சிங்கப்பூரில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.8 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது. பதினொரு பேரைப் பார்த்தால் அதில் ஒருவர்.

பாட்டி போகக் கிளம்பிய நேவல் பேஸ் செம்பவாங்கில் இருந்த கடற்படைத் தளம். பிரிட்டிஷ் படை 1971இல் அங்கிருந்து கிளம்பிவிட்டது. உன் தாத்தாவைப் போல எத்தனையோ தமிழர்களும் மலையாளிகளும் அங்கே வேலை பார்த்தார்கள், குடும்பத்தோடு குடியிருந்தார்கள். நேற்று நடந்தது நழுவிப்போகும்போது, ஐம்பது வருடத்துக்கு முந்தைய மதியச் சாப்பாட்டு நேரம் சிலருக்குப் பளிச்சென்று வந்து நிற்கும். அதுவும் சாயங்கால வேளையில் குழப்பம் கூடும். உங்கள் வீட்டில் பாட்டி தனியாக இருப்பது அந்த வேளையில்தான். அவரிடம் என்ன சொல்லிக் கூட்டி வந்தாய் என்று எழுதவில்லை. மறுபடி இப்படி நடந்தால், "தாத்தா செத்துட்டாரு பாட்டி" என்று சொல்லாதே. அவருக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் சாவு. "தாத்தாவுக்கு ரசம் பிடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பிடித்து நட.

நடனத்தை விடாதே. வாரத்தில் உனக்கென்று இருக்கும் ஒரே ஒரு மணி நேரத்தை முதலில் வெட்டுகிறாயே, அதுதான் எனக்கு வருத்தம். வியாழக்கிழமை ஒத்திகை நேரத்தில் வீட்டில் இன்னொருவர் இருக்கட்டும். ஓ லெவல் எழுதும் பையன் தன் புத்தகத்தைப் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்தும் படிக்கலாம். புதன்கிழமை நடந்ததை உன் லெக்சரரிடமும் சொல். கழித்த 10 சதவீதத்தைத் திருப்பித் தருவார்களா என்பது அவர்கள் கையில் இருக்கிறது. ஆனாலும் தெரியட்டும். கல்லூரியில் மாணவர் ஆலோசகரும் இருப்பார், ஒரு முறை போய்ப் பார்.

அம்மாவிடம் சொல்லுமுன் பாட்டியிடம் சொல்லிவிடு. "பாட்டி, நான் அம்மாகிட்ட சொல்லப்போறேன். உங்களை எங்கேயும் அனுப்பக்கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லப்போறேன்" என்று நேராகச் சொல். அவர் கோபித்துக்கொள்ளலாம், ஒரு நாள் உன்னோடு பேசாமலும் இருக்கலாம். பிறகு அம்மா ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, ஒரு வாய் சாப்பிட்ட பிறகு பக்கத்தில் போய் உட்கார். 58ஐப் பற்றியும் குரூப்பைப் பற்றியும் ஆரம்பிக்காதே. டிபன் கேரியரிலிருந்து ஆரம்பி.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது. புள்ளியியல் தேர்வைப் பற்றி அப்போது பேசுவோம்.

அன்புடன்,
ஆலோசகர்