மலை ஏறலாம், மாத்திரையை மறைக்கக் கூடாது

கேள்வி: எனக்கு வயது 58. பொகவந்தலாவையில் தோட்டத்தில் பிறந்தவள். ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று வெள்ளவத்தையில் வசிக்கிறேன். 12 வருடமாகச் சீனி வியாதி. மெட்போர்மின், கிளிக்லசைட் குடிக்கிறேன். படி இறங்கும்போது முழங்கால் வலிக்கும். கனடாவிலிருந்து வரும் மகள், வழிகாட்டியோடு ஐந்து நாள் மலைநாட்டில் நடக்க ஏற்பாடு செய்திருக்கிறாள். தினமும் 12 கிலோமீற்றர். கடைசி நாள் ஹோட்டன் சமவெளி. வழிகாட்டி அனுப்பிய படிவத்தில் நோய் ஏதும் இல்லை என்று எழுதிவிடலாமா? உயரத்தில் மூச்சு முட்டுமா? அட்டை கடித்தால் புண் ஆறுமா? என் அம்மா அறுபது வயது வரை கூடையோடு இந்த மலைகளில் ஏறியவர்.

பதில்: இல்லை என்று எழுதாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு.

மெட்போர்மின் மட்டும் என்றால் நான் இவ்வளவு கறாராகப் பேசமாட்டேன். அது தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்லசைட் அப்படியல்ல. நீங்கள் சாப்பிட்டீர்களா, நடந்தீர்களா என்று பாராமல் இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாள் முழுக்க ஏறி இறங்கும் கால் தசைகளும் சீனியை உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் இரத்தச் சீனி 70க்குக் (mg/dL) கீழே இறங்கிவிடலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல். மலையில் இவையெல்லாம் வெறும் களைப்பு போலவே தெரியும். விஷயம் தெரியாத வழிகாட்டி "கொஞ்சம் உட்காருங்கள், அம்மா" என்பார். தெரிந்தவர் சீனி தருவார்.

அந்தச் சீனி மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து. 15 நிமிடம் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. ஏறியதும் ரொட்டியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். நினைவு தடுமாறி விழுங்க முடியாத நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 1990க்கு அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் வரக்கூடிய பாதை எங்கே, தொலைபேசிக்கு எங்கே சிக்னல் கிடைக்கும் என்பதெல்லாம் வழிகாட்டிக்குத்தான் தெரியும். அவரிடமா மறைக்கப் பார்க்கிறீர்கள், டீச்சர்?

இன்னொன்று பலருக்குத் தெரியாது. நடை முடிந்த பிறகும், அன்றிரவு தூக்கத்திலும்கூட, சீனி இறங்கலாம். படுக்குமுன் சோதியுங்கள். புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்பே கிளினிக் கொப்பியோடு போய், நடக்கும் நாட்களில் கிளிக்லசைட்டைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். வழியில் வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து உடல் வற்றினால் மெட்போர்மினை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2,500 மீற்றருக்கு மேலேதான் வரும். ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 2,100. நம் நாட்டின் ஆக உயர்ந்த பிதுருதலாகலயே 2,524தான். ஆகவே அங்கே அளவுக்கு மீறி மூச்சு வாங்கினால் மலைமேல் பழியைப் போடாதீர்கள். நீண்டகாலச் சீனிக்காரருக்கு இதய அடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் வரும். போகுமுன் இதயப் பரிசோதனை அவசியம்.

உங்கள் அம்மா தினமும் ஏறினார். நீங்கள் வெள்ளவத்தையின் சமதரையில் வாழ்கிறீர்கள். இரண்டு மாதமாவது மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள், முக்கியமாக இறங்க. சிவனொளிபாதமலைக்குப் போய்வந்த யாரையும் கேளுங்கள், ஏறியதைவிட இறங்கியதுதான் முழங்காலைப் பதம் பார்த்தது என்பார்கள். இரண்டு கைக்கும் ஊன்றுகோல் எடுத்துக்கொண்டு, இறக்கத்தில் சிறு சிறு அடியாக வையுங்கள்.

சப்பாத்து புதிதாக இருக்கவே கூடாது. இப்போதே வாங்கிப் பழக்குங்கள். பாதம் மரத்திருந்தால் கொப்புளம் வந்தது தெரியாது. தினமும் மாலையில் விரலிடுக்குகளை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அட்டைக்கடிக்கு நீங்கள் பயப்படுமளவுக்கு ஒன்றுமில்லை. அதன் எச்சில் இரத்தத்தை உறையவிடாது, அதனால் கொஞ்ச நேரம் கசியும்; அஸ்பிரின் குடிப்பவருக்கு இன்னும் கூடுதலாக. நெருப்பு வைக்காமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுத்து, சவர்க்காரமிட்டுக் கழுவி, அழுத்திக் கட்டுங்கள். சொறியாதீர்கள். புண்ணாவது பெரும்பாலும் சொறிந்த இடம்தான்.