ஒப்பந்தத்தில் "ஐஎஸ்ஓ 8632" என்று இருக்கிறது: எதை வாங்குவது, எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: நாங்கள் ஆறு பேர் கொண்ட மென்பொருள் குழு. விமானப் பராமரிப்புக் கையேடுகளில் வரும் சிஜிஎம் (கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் மெட்டாஃபைல், படத்தைக் கோடுகளும் வடிவங்களுமாகச் சேமிக்கும் கோப்பு வடிவம்) வரைபடங்களைத் திரையில் காட்டும் வியூவர் ஒன்றை எழுதித் தரும் வேலை வந்திருக்கிறது. ஒப்பந்தத்தில் "ஐஎஸ்ஓ/ஐஇசி 8632-க்கு இணங்க" என்ற ஒரே வரிதான். ஐஎஸ்ஓ தளத்தில் பாகம் பாகமாக சுவிஸ் பிராங்கில் விலை போட்டிருக்கிறார்கள். எல்லாம் வாங்க வேண்டுமா? இந்தத் தரநிலைகளை யார் எழுதுகிறார்கள், முறையாக எப்படிப் பெறுவது?

பதில்: கார்டை எடுக்க வேண்டாம். உங்களுக்குத் தேவையான பாகங்களை ஐஎஸ்ஓவே இலவசமாகத் தருகிறது. அதைவிட முக்கியம், ஒப்பந்தம் சொல்லாமல் விட்ட இன்னொரு ஆவணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

சிஜிஎம் வடிவத்துக்கான தரநிலைதான் 8632. அது முதலில் 1987 இல் வந்தது. 1992 இல் விரிவாக்கப்பட்டு, 1999 இல் திருத்தங்கள் எல்லாம் சேர்ந்த பதிப்பாக வெளியானது. பாகம் 1, படத்தில் என்னென்ன உறுப்புகள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று சொல்கிறது. பாகம் 3 அவற்றை பைனரியாக எழுதும் முறை, பாகம் 4 மனிதர் படிக்கக்கூடிய உரையாக எழுதும் முறை. எழுத்துக்குறி வடிவத்தைச் சொன்ன பாகம் 2 திரும்பப் பெறப்பட்டுவிட்டது. பழைய பிரதியை யாராவது விற்றால் வாங்காதீர்கள். கையேட்டுக் கோப்புகள் பெரும்பாலும் பைனரிதான் என்பதால் 1, 3 இரண்டும் கட்டாயம் வேண்டும். 4 பிழை தேடும்போது கைகொடுக்கும்.

இந்த மூன்றும் ஐஎஸ்ஓவின் "பொதுவில் கிடைக்கும் தரநிலைகள்" பக்கத்தில் ஜிப் கோப்புகளாக இருக்கின்றன. விற்பனைக் கடையும் இந்தப் பக்கமும் தனித்தனி. கடையிலிருந்து இங்கே வழி காட்டும் இணைப்பு எளிதில் கண்ணில் படாது. அதனால்தான் பலர் பணம் கட்டிவிடுகிறார்கள். இறக்கும்போது வரும் உரிம வாசகத்தை ஒரு முறை படியுங்கள். பிரதி ஒரு பயனருக்கானது. அலுவலக சர்வரில் போட்டு எல்லோரும் பகிர்ந்துகொள்ள அது இடம் தராது. ஆறு பேரும் அவரவர் பிரதியை இறக்கிக்கொள்ளட்டும். ஐஎஸ்ஓ தளத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ள விவரப் பக்கத்தில் பிழைதிருத்தப் பக்கங்கள் தனிப் பதிவுகளாக இருக்கும். அவற்றையும் எடுங்கள், மூல உரையில் தானாகச் சேர்ந்து வராது.

அதே பக்கத்தில் நிலைக் குறியீட்டையும் பாருங்கள். 60.60 என்றால் வெளியானது, 90.93 என்றால் மறுபரிசீலனையில் அப்படியே உறுதிசெய்யப்பட்டது, 95.99 என்றால் திரும்பப் பெறப்பட்டது. பழைய வருடத்தைப் பார்த்ததும் தரநிலை செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது, இந்தக் குறியீட்டைப் பார்த்துதான் சொல்ல வேண்டும்.

யார் எழுதுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஎஸ்ஓவும் ஐஇசியும் சேர்ந்து நடத்தும் ஜேடிசி 1 என்ற கூட்டுக் குழுவின் கீழ் எஸ்சி 24 என்ற துணைக்குழு கணினி வரைகலையைக் கவனிக்கிறது. அங்கே ஓட்டு நிறுவனங்களுக்கு இல்லை, நாடுகளுக்கு. இந்தியாவின் சார்பில் ஐஎஸ்ஓவில் உறுப்பினர் பிஐஎஸ் எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைப்பு. புதிய வேலைக்கான முன்மொழிவு, பணிக்குழுவின் வரைவு, குழு வரைவு, டிஐஎஸ் எனப்படும் பன்னாட்டு வரைவு, தேவைப்பட்டால் இறுதி வரைவு என்று உரை படிப்படியாக நகரும். டிஐஎஸ் கட்டத்தில் 12 வார ஓட்டெடுப்பு. ஓட்டளித்த பங்கேற்பு உறுப்பினர்களில் (குழு வேலையில் நேரடியாக ஈடுபடும் நாடுகளில்) மூன்றில் இரண்டு பங்கு ஆதரவும், மொத்த ஓட்டில் எதிர்ப்பு நான்கில் ஒன்றுக்கு மேல் போகாமலும் இருந்தால்தான் தேறும். வெளியான பின் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மறுபரிசீலனை உண்டு. வரைவு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை வைத்து நிரல் எழுதாதீர்கள். ஓட்டெடுப்பில் வரும் கருத்துகளால் எண்களே மாறிவிடும்.

எல்லாமே ஐஎஸ்ஓவில் பிறப்பதும் இல்லை. சிஜிஎம் அமெரிக்கத் தரநிலை அமைப்பான ஆன்சியின் குழுவில் "விர்ச்சுவல் டிவைஸ் மெட்டாஃபைல்" என்ற பெயரில் தொடங்கியது. ஆயத்தொலைவுகளை இன்றும் தரநிலை விடிசி (விர்ச்சுவல் டிவைஸ் கோஆர்டினேட்) என்று சொல்வது அந்தப் பழைய பெயரின் மிச்சம். க்ரோனோஸ் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு 2017 இல் வெளியிட்ட முப்பரிமாணக் கோப்பு வடிவமான ஜிஎல்டிஎஃப் 2.0, 2022 இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 12113 ஆனது. க்ரோனோஸ் தளத்தில் அது இலவசம். இணையத் தரநிலைகளை எழுதும் டபிள்யூ3சி 2003 இல் வெளியிட்ட பிஎன்ஜி பட வடிவத்தின் இரண்டாம் பதிப்புதான் 2004 இல் ஐஎஸ்ஓ/ஐஇசி 15948. டபிள்யூ3சி 2025 ஜூனில் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. அசையும் பிஎன்ஜியும் எச்டிஆர் (கூடுதல் ஒளி வீச்சு) வண்ணமும் அதில்தான் உள்ளே வந்தன, 2004 பிரதியில் தேடினால் கிடைக்காது. அதனால் எந்த வரைகலைத் தரநிலைக்கும் ஐஎஸ்ஓ எண்ணைத் தேடும் முன், அதை எழுதிய அமைப்பின் தளத்தைப் பாருங்கள்.

இப்போது அந்த விடுபட்ட ஆவணம். 8632 மிகவும் தாராளமானது: எத்தனை எழுத்துரு, எத்தனை வண்ண முறை, எந்த அளவு எண் துல்லியம் என்று பலவற்றைக் கோப்பு எழுதுபவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது. "8632-க்கு இணங்க" என்ற வரியை அப்படியே எடுத்துக்கொண்டால் அத்தனையையும் நீங்கள் படித்துக் காட்ட வேண்டும். நடைமுறையில் ஒவ்வொரு துறையும் தரநிலையில் எதைப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது என்று சொல்லும் புரோஃபைல் ஒன்றை எழுதி அதைச் சுருக்கிக்கொள்கிறது. நான் சொன்ன விடுபட்ட ஆவணம் அதுதான். விமானத் துறையில் கையேடுகளுக்கான விதித்தொகுப்புகளாக இரண்டு பெயர்கள் வரும்: ஏடிஏ ஐஸ்பெக் 2200, எஸ்1000டி. முதலாவது விலைக்கு, இரண்டாவது பதிவுசெய்தால் இலவசம். இவற்றோடு டபிள்யூ3சியும் ஒயாசிஸ் என்ற தரநிலை அமைப்பும் சேர்ந்து 2010 இல் வெளியிட்ட, இணையத்தில் சிஜிஎம் பயன்படுத்துவதற்கான வெப்சிஜிஎம் 2.1 பரிந்துரையை இறக்கிக்கொள்ளுங்கள், கட்டணம் இல்லை. அதில் புரோஃபைல் முழுவதும் அட்டவணையாக இருக்கிறது: எந்த உறுப்பு அனுமதி, எது தடை, எந்த வரம்புக்குள் என்று 8632-இன் பிரிவுகளோடு பொருத்திக் காட்டும். 8632-ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

உரை கையில் இருந்தும் சறுக்கும் இடங்கள் உண்டு. பைனரியில் ஒவ்வொரு உறுப்பும் 16 பிட் தலைப்போடு தொடங்கும்: 4 பிட் வகுப்பு, 7 பிட் உறுப்பு எண், 5 பிட் நீளம். கோப்பின் முதல் இரண்டு பைட் 0, 63 என்று இருந்தால், பிரித்தால் 0000 0000001 11111. வகுப்பு 0, உறுப்பு 1, அதாவது மெட்டாஃபைல் தொடக்கம். நீளம் 31 என்பது உண்மை நீளம் அல்ல. அடுத்த 16 பிட்டில் 15 பிட் நீளமும், தொடர்ச்சி உண்டா என்று சொல்லும் 1 பிட்டும் இருக்கின்றன என்பதற்கான அடையாளம். நீளம் ஒற்றைப்படையாக வந்தால் கடைசியில் ஒரு வெற்று பைட் நிரப்பியிருப்பார்கள், ஆனால் அதை நீளத்தில் கணக்கிட மாட்டார்கள். இதை விட்டால் அங்கிருந்து எல்லாம் ஒரு பைட் நகர்ந்து, படம் பாதியில் குப்பையாகும்.

இதைவிடத் தொல்லை தருவது, கோப்பில் எழுதப்படாத இயல்பு மதிப்புகள். ரியல் துல்லியத்தை, அதாவது பின்ன எண்களை எழுதும் முறையை, கோப்பு குறிப்பிடாவிட்டால் அது 16 பிட் முழு எண், 16 பிட் பின்னம் கொண்ட நிலைப்புள்ளி எண். கோட்டுத் தடிமன் 1.0 என்பது 0, 1, 0, 0 என்ற நான்கு பைட்டாக இருக்கும். அதை மிதவைப்புள்ளி என்று எடுத்துக்கொண்டால் பூஜ்யத்தை ஒட்டிய எண் கிடைக்கும். கோடுகள் இருக்கும், திரையில் தெரியாது. குற்றம் வரையும் நிரலில் என்று நாள் கணக்கில் தேடுவீர்கள். பாகம் 3-இல் இயல்பு மதிப்பு அட்டவணையை முதல் வாரமே நிரலில் ஏற்றிவிடுங்கள்.

கோட்டு வகை (முழுக்கோடு, புள்ளிக்கோடு போன்றவை) 1 முதல் 5 வரை தரநிலையிலேயே இருக்கிறது. அதற்கு மேற்பட்ட எண் வந்தால், ஐஎஸ்ஓ/ஐஇசி 9973 முறைப்படி நடத்தப்படும் பதிவேட்டில் பொருள் தேட வேண்டும். எதிர்மறை எண் என்றால் கோப்பை உருவாக்கிய மென்பொருளின் சொந்தக் குறி, அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கையெழுத்திடும் முன் வாடிக்கையாளரிடம் பல கையேடுகளிலிருந்து மாதிரிக் கோப்புகள் கேளுங்கள். மெட்டாஃபைல் தொடக்கத்தை அடுத்து 16, 34, 0 என்று வரும் இடத்தில் நான்காவது பைட் பதிப்பு எண். எல்லாம் 1 என்றால் வேலை சிறியது. 4 இருந்தால், தொட்டால் அடுத்த படத்துக்குத் தாவும் பகுதிகளும் இருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் விலை அதற்கேற்ப இருக்கட்டும். பிறகு ஒப்பந்த வரியை "ஐஎஸ்ஓ/ஐஇசி 8632:1999 பாகம் 1, 3, வெப்சிஜிஎம் 2.1 புரோஃபைலுக்கு உட்பட்டு" என்றோ, அவர்கள் உண்மையில் பின்பற்றும் புரோஃபைலின் பெயரும் பதிப்பு எண்ணும் வரும்படியோ மாற்றி எழுதச் சொல்லுங்கள்.