சின்னப் படகுக்கு எந்த டார்ச் வாங்கலாம்?

ஒரு வாசகரின் கேள்வி: "என்னிடம் பதினாறு அடிப் படகு இருக்கிறது, அவுட்போர்டு மோட்டார் போட்டது. பல நாள் இருட்டிய பிறகுதான் திரும்பி வருகிறேன். மிதவைகளைத் தேடவும், கரையோரப் பாறைகளைப் பார்க்கவும் சக்தியுள்ள சார்ஜ் டார்ச் ஒன்று வேண்டும். கைக்கு அடக்கமாக, ஒற்றை பேட்டரியில் 20,000 லூமன் என்று போட்டு ஒன்றைப் பார்த்தேன். வாங்கலாமா? இப்போது இருக்கிற, சாதாரண பேட்டரி போடும் பழைய டார்ச்சைத் தூக்கிப் போட்டுவிடலாமா?"

முதல் கேள்விக்கு, வாங்காதீர்கள். 20,000 லூமன் வெளிச்சம் வர வேண்டுமென்றால் சுமார் 150 முதல் 200 வாட் மின்சாரம் தேவை. 21700 வகை பேட்டரி ஒன்றில் (21 மி.மீ. தடிமன், 70 மி.மீ. நீளம்) 5000 எம்.ஏ.எச். (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) அளவுக்கு, அதாவது ஏறக்குறைய 18 வாட்-மணி நேரம் மின்சாரம் இருக்கும். அந்தக் கணக்கில் ஐந்து முதல் ஏழு நிமிடத்தில் பேட்டரி காலி, அதுவும் அவ்வளவு மின்சாரத்தை அந்த ஒற்றை பேட்டரி ஒரே நேரத்தில் கொடுக்க முடிந்தால்தான். அதனால் அந்த எண்ணை அட்டையோடு விட்டுவிடுங்கள். அதே போல அதைவிடக் கொஞ்சம் சிறிய 18650 வகை பேட்டரியில் 9900 எம்.ஏ.எச். என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம், அந்த அளவு பேட்டரியில் நல்ல தயாரிப்புகளே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கின்றன.

சரி, எதைப் பார்த்து வாங்குவது? லூமன் என்பது டார்ச்சிலிருந்து எல்லாப் பக்கமும் சேர்த்து வெளியே வரும் மொத்த வெளிச்சம். தூரத்து மிதவை கண்ணுக்குத் தெரியுமா என்பதை முடிவு செய்வது கேண்டெலா, ஒரே திசையில் வெளிச்சம் எவ்வளவு செறிவாகப் போகிறது என்பதன் அளவு. கேண்டெலா எண்ணின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், அட்டையில் மீட்டரில் போட்டிருக்கும் வீச்சு கிடைத்துவிடும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர், 40,000 என்றால் 400 மீட்டர். தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் செறிவு நான்கு மடங்காக வேண்டும், அதனால்தான் "போன மாடலைவிட இரண்டு மடங்கு பவர்" என்று வாங்கிப் போனவர்களுக்குத் தண்ணீரில் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

அந்த வீச்சு எண்ணையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிச்சம் 0.25 லக்ஸாக (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு லக்ஸ்) குறையும் தூரத்தைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள், ஏறக்குறைய தெளிவான பௌர்ணமி இரவின் நிலா வெளிச்சம் அது. ஆடுகிற படகில் நின்றுகொண்டு, அலைக்கு நடுவே தலை நீட்டும் ஒரு கறுப்பு மிதவையைக் கண்டுபிடிக்க அது போதாது. நான் அந்த எண்ணில் பாதி, இல்லையென்றால் மூன்றில் ஒரு பங்குதான் கணக்கில் எடுப்பேன். உங்கள் வேலைக்கு 100, 150 மீட்டர் நன்றாகத் தெரிந்தால் போதும் என்பதால், 1000 முதல் 1500 லூமனும் 25,000 முதல் 40,000 கேண்டெலாவும் உள்ள ஒரு டார்ச் தாராளம்.

அதற்கு மேலே போக வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு, எனக்கு அதுதான் பெரிய காரணம். சின்னப் படகில் உங்கள் வெளிச்சம் முதலில் படுவது உங்கள் படகின் மேல்தான். அகலமாகப் பரவும் டார்ச் ஒன்றை அமரத்தில், அதாவது படகின் பின்பக்கத்தில், உட்கார்ந்தபடி நான் ஒருமுறை அடித்தேன். அணியத்தில், அதாவது முன்பக்கத்தில், இருந்த கம்பி, நங்கூரம், வெள்ளைப் பெயின்ட் எல்லாம் பளீரென்று எழுந்து நின்றன, அவற்றுக்குப் பின்னால் இருந்த கடல் காணாமலே போய்விட்டது. அணைத்த பிறகும் கண்ணில் பச்சையும் ஊதாவுமாகத் திட்டுகள், எதிரே கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இருட்டுக்கு நம் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், அதைக் கெடுக்க ஒரு நொடி போதும். ஆகவே நடுவில் செறிவும் ஓரத்தில் மெல்லிய படர்வும் உள்ள கற்றைதான் படகுக்கு ஏற்றது. கையைப் படகின் விளிம்புக்கு வெளியே நீட்டி, தாழ்வாகப் பிடித்து அடியுங்கள். பனிமூட்டத்திலும் தூறலிலும் இது இன்னும் முக்கியம், கண்ணுக்குப் பக்கத்திலிருந்து அடித்தால் ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தைத் திருப்பி உங்கள் முகத்திலேயே வீசும்.

இதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. லைஃப் ஜாக்கெட்டிலும் மிதவைகளிலும் ஒட்டியிருக்கும் ஒளிதிருப்பும் பட்டை, வெளிச்சம் வந்த இடத்துக்கே அதைத் திருப்பி அனுப்பும். டார்ச் இடுப்பருகே இருந்தால் அந்த மினுக்கலில் பெரும்பகுதி இடுப்புக்குத்தான் வரும், கண்ணுக்கு வராது. தண்ணீரில் விழுந்த ஆளைத் தேடும்போது டார்ச்சை நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் வைத்து மெதுவாகக் கோடு கோடாக வீசுங்கள். ஒரு நாள் இரவு கரையில் நின்றபடி, ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒரு லைஃப் ஜாக்கெட்டைத் தொங்கவிட்டு இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள், வித்தியாசம் அப்போது புரியும்.

அடுத்து தண்ணீர். டார்ச்சுக்குள் தண்ணீர் புகாமல் இருக்கும் தரத்தை ஐ.பி.எக்ஸ் எண்ணால் குறிக்கிறார்கள். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்க வேண்டும், ஐ.பி.எக்ஸ் 8 அதற்கு மேல், எவ்வளவு என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். இரண்டில் எது இருந்தாலும் சரி, ஐ.பி.எக்ஸ் 4 என்பது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும், படகுக்கு ஆகாது. ஆனால் இந்தச் சோதனைகளெல்லாம் நல்ல தண்ணீரில் செய்வது. உப்புத் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் சார்ஜ் போடும் துளை வழியாகத்தான். அதை மூடியிருக்கும் சின்ன ரப்பர் மூடி நாளடைவில் தளர்ந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், அதற்குள் ஒரு சொட்டு உப்புநீர் இருக்கும்போது சார்ஜில் போட்டால், உள்ளே இருக்கும் மெல்லிய பித்தளைப் பற்கள் சில நாளிலேயே பச்சை பூத்து அரித்துப்போகும். நான் அப்படி இழந்த டார்ச்சில் விளக்கும் பேட்டரியும் புதிதுபோல இருந்தன, சார்ஜ் மட்டும் ஏறவில்லை.

அதனால் பேட்டரியைக் கழற்றித் தனிச் சார்ஜரில் போடக்கூடிய மாடலாகப் பாருங்கள், அல்லது சார்ஜ் துளையை மறை போட்ட வளையத்தால் இறுக்கி மூடும் மாடல். ஒவ்வொரு முறை திரும்பியதும் மூடியெல்லாம் இறுக்கமாக இருக்கும்போதே நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு சார்ஜ் போடுங்கள். மறையில் உள்ள ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும், துடைத்துவிட்டு சிலிகான் கிரீஸ் துளி தடவுங்கள். லித்தியம் பேட்டரிக்குள் உப்புநீர் போனது தெரிந்தால் அதை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, அது தீப்பிடிக்கும் சமாச்சாரம்.

காந்தம் பற்றி யாரும் சொல்வதில்லை. பல டார்ச்களின் அடிப்பாகத்தில் இரும்பில் ஒட்டிக்கொள்ள காந்தம் வைத்திருக்கிறார்கள், சிலவற்றில் சார்ஜ் ஒயரே காந்தத்தில்தான் ஒட்டும். அதைக் காம்பஸ் பக்கத்தில் வைத்துவிட்டு முள் காட்டும் திசையில் போனீர்கள் என்றால் வேறு எங்கோ போய்ச் சேருவீர்கள். காந்தம் இல்லாததாக வாங்குங்கள், இருந்தால் காம்பஸுக்கு ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள்.

சுவிட்ச் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஈரக் கையால், கையுறையோடு, பார்க்காமலே போட முடிய வேண்டும், முதல் அழுத்தலில் மங்கல் வெளிச்சம்தான் வர வேண்டும். தூண்டிலில் முடிச்சுப் போடவும் வரைபடம் பார்க்கவும் ஐந்து லூமன் போதும். உச்ச வெளிச்சம் எப்படியும் ஓரிரு நிமிடத்தில் சூட்டினால் தானாகவே குறைந்துவிடும், ஆகவே நடுநிலை வெளிச்சத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். 21700 பேட்டரி ஒன்றுக்கு 1000 லூமனில் ஒன்றரை, இரண்டு மணி நேரம், 200 லூமனில் எட்டு மணி நேரம்போல எதிர்பார்க்கலாம். அட்டையில் போடும் நேரம் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகும் வரைக்குமான கணக்கு. பட்டனை ஒரு முறை தட்டினாலே பட்பட்டென்று வெட்டும் ஸ்ட்ரோப் வெளிச்சம் வருவது வேண்டவே வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 36-ஆவது விதி, கவனத்தை ஈர்க்க அப்படிப்பட்ட விளக்கைத் தவிர்க்கச் சொல்கிறது. எதிரே வரும் படகு என்ன செய்யப் போகிறது என்று புரியவில்லையென்றால், ஹார்னோடு சேர்த்து ஐந்து முறையாவது டார்ச்சைச் சட்சட்டென்று விட்டுவிட்டு அடித்துக் காட்டலாம், ஆனால் அவர் கண்ணில் நேராகப் பிடித்து வைத்திருக்காதீர்கள். துடுப்புப் படகுக்குக் கையில் ஒரு வெள்ளை டார்ச் இருந்தால் போதும் என்று அதே விதிகள் விட்டுக்கொடுக்கின்றன, உங்கள் மோட்டார் படகுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒழுங்கான பயண விளக்குகள் எரிய வேண்டும், டார்ச் அதற்கு மேல்தான்.

அலுமினிய டார்ச் தண்ணீரில் விழுந்தால் நேராக அடியில்தான். மணிக்கட்டுக் கயிறு கட்டுங்கள், முடிந்தால் சின்ன நுரை மிதவை ஒன்றையும் சேர்த்து. வெயிலில் காயும் பெட்டிக்குள் மாதக்கணக்கில் போட்டு வைக்க வேண்டாம், அப்படி நாள் கணக்கில் வைப்பதானால் பேட்டரியில் பாதி சார்ஜ் இருக்கட்டும்.

அப்புறம் அந்தப் பழைய டார்ச். தூக்கிப் போடாதீர்கள், அதுதான் உங்கள் இரண்டாவது டார்ச். சார்ஜ் தீர்ந்த டார்ச்சுக்கு நடுக்கடலில் ஒன்றும் செய்ய முடியாது, இதற்கு இரண்டு பேட்டரி மாற்றினால் வேலை முடிந்தது. அல்கலைன் பேட்டரி உள்ளேயே கிடந்தால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும், அதனால் சார்ஜ் செய்யாத வகை லித்தியம் ஏஏ பேட்டரி வாங்கி, அந்த டார்ச்சுக்கு அது சேரும் என்றால், போடுங்கள். தண்ணீர் புகாத பையில் வைத்து, மோட்டார் பிடித்தபடியே கை நீட்டினால் எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள், அணியத்துப் பெட்டிக்குள் வேண்டாம்.