கற்பனை என்று தெரிந்தும் நாவல் பாத்திரத்தின் மீது கோபம் வருவது ஏன்?

அடுத்து என்ன செய்யும் என்று நாமே ஊகிக்கவும், வேறு மாதிரி செய்தால் அதோடு சண்டை போடவும் முடிகிற பாத்திரமே நம்பகமான பாத்திரம்.

நிஜ மனிதர்களையும் நாம் முழுதாக அறிவதில்லை. ஒரு பேச்சு, ஒரு தயக்கம், இப்படித் துணுக்குகளை வைத்து மனதுக்குள் ஓர் ஆளைக் கட்டிக்கொள்கிறோம். நாவலாசிரியர் தருவதும் துணுக்குகள்தான். மிச்சத்தை நம் அனுபவம் நிரப்புகிறது. சித்தி போனில் புலம்பக் கேட்டே, பார்த்திராத அவர் நாத்தனார் மேல் நமக்குக் கோபம் வருகிறதே, அந்தக் கதைதான்.

1966இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதை வந்தது. கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, அவளைத் தூய்மையானவளாக ஏற்கிறாள் தாய். வாசகர்களிடையே பெரிய சர்ச்சை. (இல்லாத ஒரு தாய்க்காக!) அவள் வேறு விதமாக நடந்திருந்தால் என்ற கேள்வியிலிருந்து பிறந்ததே அவரது 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். 1972இல் சாகித்ய அகாதெமி விருதும் பெற்றது.

நம்பகமான பாத்திரம் என்றால் நமக்குப் பிடித்த பாத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நாவலில் ஒழுக்கம் பேசிக்கொண்டே நாயகியிடம் அத்துமீறப் பார்க்கும் அவள் தாய்மாமன் வெங்கு மாமாவை யாருக்கும் பிடிக்காது. நம்பாமல் இருக்கவும் முடியாது.